முனியாண்டி வளைவில் இறங்காத வண்டி

காலுக்குக் கட்டுப் போட்டிருந்தாலும் கடமைக்குக் கட்டுப்பட்டு, ஒரு நாற்காலியில் தானும் மறு நாற்காலியில் தன் காலுமாக வீற்றிருக்கும் விழாத் தலைவர், எங்கள் நலன்புரிச் சங்கத்தின் நாயகர் கஜேந்திரன் அவர்களே! முகத்தில் சிரிப்பைக் கொண்டுவர மறந்தாலும் கையில் குடையைக் கொண்டுவர மறக்காமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோட்ட நிர்வாகி, பெரிய துரை அவர்களே! இந்த மலையின் பனியையும் மழையையும் முதுகில் சுமந்து முதிர்ந்த பெரியோர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு, கொஞ்சமும் ஓய்வெடுக்காமல், எனக்காக ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே!

என்னம்மா? எனக்காக வரலையா? வண்டிக்காகவா?

சரி, வண்டிக்காக வந்திருக்கும் தாய்மார்களே! கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, இந்த ஆள் எப்போது முடிப்பான் என்று கைபேசியில் மணி பார்க்கும் இளைஞர்களே! உங்கள் எல்லோருக்கும் கல்லருவித் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் இந்தப் பெரட்டுக்களத்தின் குளிரோடு கலந்த என் கனிந்த வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். ஹட்டன் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக ஆயுளில் பாதியைக் கழித்தவன் நான். நுவரெலியா பஸ் இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும் என்று ஒலிபெருக்கியில் முழங்கியவன். புறப்பட்டதா? புறப்படவில்லை. கொட்டகலை பஸ் இதோ வந்துகொண்டிருக்கிறது என்று அறிவித்தவன். வந்ததா? வரவில்லை. ஆனால் வராத பஸ்ஸை வருகிறது வருகிறது என்று சொல்லியே மக்களை மழையில் நிற்க வைத்த அந்த வல்லமைக்காகத்தான், விழாக் குழு இன்று என்னை இந்த மேடையில் ஏற்றியிருக்கிறது. எனக்கு இட்ட பணி ஒன்றே ஒன்று: வண்டி கீழேயிருந்து ஏறி வரும் வரை பேசு, வந்ததும் நிறுத்து.

வண்டி இன்னும் கீழ்ப்பிரிவில்தான் நிற்கிறது. ஆகவே பேசுகிறேன்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் நிற்கும் இடம் மேடு. இதோ பக்கத்தில் தோட்டத்துக் கேட்டு, அதைத் தாண்டினால் பெரிய ரோடு, அந்த ரோட்டில் போனால் டிக்கோயா ஆஸ்பத்திரி. ஆனால் எங்கள் கீழ்ப்பிரிவு லயங்கள், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், எங்கே இருக்கின்றன? அதோ, கண்ணைக் கசக்கிக்கொண்டு பாருங்கள், பள்ளத்தில், ஓடைக் கரையில். அங்கிருந்து இங்கே வர ஒரே பாதை. அந்தப் பாதையில் செங்குத்தாக ஒரு வளைவு. அந்த வளைவில் முனியாண்டி கோயில். ஆம்புலன்ஸ் வரும், இந்தக் கேட்டு வரை வரும், பாதையை ஒருமுறை எட்டிப் பார்க்கும், அதற்கு மேல் அசையாது.

அப்படியானால் கீழே காய்ச்சலில் கிடப்பவர் எப்படி வருவார்? கம்பளியில் வருவார்! கம்பில் கட்டிய கம்பளியில் வருவார்! உள்ளே படுத்திருப்பவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு வருவார், தூக்குகிறவர்கள் தங்கள் ஆயுளை எண்ணிக்கொண்டு வருவார்கள். மேலே வந்து சேரும்போது யாரை முதலில் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று மருத்துவருக்கே மயக்கம் வரும். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தக் கம்பளியில் வந்தவர்களில் எல்லோரும் சிரிக்கத் திரும்பி வரவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்தக் கம்பளிக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று இருவர் கிளம்பினார்கள். ஒருவர் வினோதா. கீழ்ப்பிரிவில் பிறந்த பெண். தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வேலை படித்து, ஹட்டன் கராஜ் ஒன்றில் கையில் கறையோடும் கண்ணில் கனவோடும் நிற்பவர். மற்றவர் நாமெல்லாம் அண்ணன் முறையில் அழைக்கும் பைஸர் நானா. ஹட்டனில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். அவர் கடையின் பின்புறம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? செத்த எஞ்சின்களுக்கெல்லாம் அங்கேதான் இளைப்பாறும் மடம்.

எஞ்சின் என்றவுடன் எனக்கு ஆஸ்திரேலியா நினைவுக்கு வருகிறது...

என்ன சத்தம்? யாரது, "ஐயோ, ஆரம்பிச்சிட்டாரு"ங்கிறது? லோஜினி டீச்சரா? இருங்க டீச்சர். மகள் தனுஷிகாவைப் பார்க்க ஒரே ஒரு தடவை மெல்பேர்ன் போய்வந்தேன். அதை நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா? போன மாசம் காதணி விழாவுல சொன்னேன், உண்மை. அதுக்கு முந்தி சாவு வீட்டுலயும் சொன்னேன், அதுவும் உண்மை. ஆனா அங்கேயெல்லாம் சொன்னது பொருந்தலை, இன்னைக்குத்தான் பொருந்துது. கேளுங்க.

மெல்பேர்ன் நகரத்து நூலகமொன்றில் ஒரு பழைய காரின் படத்தைக் கண்டேன். நூறாண்டுக்கும் முந்திய கதை. அந்த ஊரில் ஒருவர் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குதிரை இழுக்கும் நாட்டில், குதிரை இல்லாமல் ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டார். முதல் முயற்சி சரிவரவில்லை. விட்டாரா? விடவில்லை. சைக்கிள் செய்யும் ஒருவரைக் கூட்டாளியாக்கிக்கொண்டார். அடுத்து வந்த வண்டிக்கு உடம்பு ஆஸ்திரேலியா, எஞ்சினோ ஜெர்மனி. ஓடியது. ஊர் கைதட்டியது. ஆனால் ஊர் தட்டிய கை அவருடைய உள்ளத்தைத் தொடவில்லை. இரவல் இதயத்தோடு எத்தனை நாள் ஓடுவது என்று எண்ணினார். எஞ்சினையும் தம் பட்டறையிலேயே செய்தார். உருக்கினார், உடைத்தார், மறுபடி உருக்கினார். கடைசியில் காரின் பெரும்பகுதி அந்த மண்ணிலேயே பிறந்தது. நான் படித்தது இவ்வளவுதான். அவர் மனைவி அடுப்படியில் நின்று என்ன சொல்லித் திட்டினார் என்பதெல்லாம் என் கற்பனை. அதை நான் சொல்லவும் மாட்டேன், நீங்கள் வரலாறு என்று எழுதிக்கொள்ளவும் வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் ஒரு பட்டறை என்றால், நம் ஹட்டனில் ஒரு கடைப் பின்புறம்! அங்கே சைக்கிள்காரர் என்றால், இங்கே பைஸர் நானா! அங்கே இரவல் எஞ்சின் என்றால், இங்கே என்ன எஞ்சின் தெரியுமா? ராகலை மரக்கறித் தோட்டத்தில் லீக்ஸுக்குத் தண்ணீர் இறைத்த பம்ப் எஞ்சின்!

அதுதான் நமது முதல் மாதிரி வண்டி. உடைந்த இரும்புக் கட்டில்களை ஒட்டவைத்து உடம்பு செய்தார்கள். தகரத்தில் கூரை போட்டார்கள். கிளப்பியபோது எழுந்த சத்தத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுப்போன பிள்ளைக்காம்பராவில் தூங்கிய குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே சுருதியில் அழுதன. ஆனால் ஏறியதா? ஏறியது! வண்டி நிறைய ஆட்களோடு, கீழ்ப்பிரிவிலிருந்து இந்தக் களம் வரை ஏறி வந்தது! லட்டு கொடுத்தோம். வெடி கொளுத்தினோம். நான்கூடப் பேசினேன்.

அப்புறம் அந்தப் பம்ப் எஞ்சின் பழைய வேலையை மறக்காமல், போகும் இடமெல்லாம் தண்ணீரும் எண்ணெயுமாக இறைக்கத் தொடங்கியதால், இரண்டாவது மாதிரி பிறந்தது. முச்சக்கர வண்டி எஞ்சின். சத்தம் குறைவு, புகை குறைவு, பெருமை அதிகம். அதுவும் ஏறியது! ஆளை ஏற்றினோம், ஏறியது. கூடுதலாக ஆளை ஏற்றினோம், அப்போதும் ஏறியது. என்ன எஞ்சின்! என்ன இழுவை! ஆஸ்திரேலியாக்காரனை அழைத்துவந்து காட்டலாமா என்று நானே மகளுக்குப் போன் போட்டேன்.

அந்த நேரத்தில்தான் நம் தலைவர் தமது கடமையைச் செய்தார். கீழ்ப்பிரிவில் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பாசி வழுக்கி விழுந்தார்.

தலைவரே, மன்னிக்கணும், சொல்லித்தான் ஆகணும். நீங்க விழுந்தது நாட்டுக்கு நல்லதாப் போச்சு.

கால் முறிந்த தலைவரை வண்டிக்குள் நீட்டிப் படுக்க வைத்தோம். சுற்றிலும் சங்கத்தார் நெருக்கியடித்து ஏறினார்கள். வினோதா ஓட்டினார். வண்டி முனியாண்டி வளைவுக்கு வந்தது. வந்ததும் என்ன நடந்தது? வழக்கமாக நடப்பதுதான் நடந்தது. எல்லோரும் இறங்கினார்கள்.

முனியாண்டி முன்னால் யார் உட்கார்ந்துகொண்டு போவது? எந்தக் காலத்திலும் எவரும் போனதில்லை. கொழுந்து லொறியில் போனாலும் இறங்குவோம், கல்யாண வண்டியில் போனாலும் மாப்பிள்ளையையும் பொண்ணையும் இறக்குவோம். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கும்பிட்டபடி நடந்து வளைவைத் தாண்டி, மேலே போய் மறுபடி ஏறிக்கொள்வோம். ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் விதிவிலக்கு. அவர் இறங்கினால் வண்டி தானாகவே கும்பிடப் போய்விடும்.

அன்றும் இறங்கினார்கள். பக்தியோடு நடந்தார்கள். வண்டிக்குள் மிஞ்சியது யார்? இறங்க முடியாத தலைவர் ஒருவரே! அவரோடு வண்டி ஏறியது... ஏறியது... திணறியது... நின்றது. பிறகு, தலைவரின் வார்த்தையில் சொல்வதானால், "சாமி என்னை இன்னொரு தடவை பாக்கணும்னு பின்னுக்குக் கூப்பிட்டுச்சு." வண்டி பின்னோக்கி உருண்டது! கும்பிட்ட கைகளை விரித்துக்கொண்டு சங்கத்தார் துரத்தினார்கள்! வினோதா பிரேக்கை மிதித்துப் பிடிக்க, வண்டி தேயிலை ஓரத்துக் கானுக்குள், அந்த வடிகாலுக்குள், பின்சக்கரத்தை இறக்கி, ஒரு மரியாதையான சாய்வில் அமர்ந்தது. தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைய வேண்டியது ஏற்கெனவே உடைந்திருந்தது.

கானுக்குள் நின்றுகொண்டுதான் வினோதா அந்தக் கேள்வியைக் கேட்டார். "நானா, இந்த வளைவுல ஆளோட நம்ம வண்டி எப்பவாச்சும் ஏறியிருக்கா?"

பைஸர் நானா யோசித்தார். "ஏறியிருக்கே புள்ள. எத்தனை தடவை பார்த்தோம்!"

"ஆளுங்க வளைவுக்குக் கீழ ஏறுனாங்க. வளைவுக்கு மேல ஏறுனாங்க. வளைவுல யாரு இருந்தாங்க?"

அன்பர்களே! அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் கொண்டாடியது எதை? காலி வண்டியை! லட்டு கொடுத்தது எதற்கு? வெறும் தகரம் ஏறியதற்கு! மலையில் எது மிகச் செங்குத்தோ, அங்கேதான் எங்கள் பாரம் முழுவதும் பக்தியோடு இறங்கி நடந்திருக்கிறது! எத்தனை சோதனை, எத்தனை கைதட்டல், ஒருவருக்காவது தோன்றியதா? எனக்குத் தோன்றியதா? அந்த ஓட்டங்களில் எல்லாம் நானும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவன்தானே! ஆஸ்திரேலியாவிலும் எஞ்சின் உதைத்திருக்கும், நின்றிருக்கும், புகைந்திருக்கும். ஆனால் பயணிகளின் பயபக்தியால் பாஸான எஞ்சின் உலகத்திலேயே நம்முடையது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

என்ன மைக்செட் ரிஸ்கான்? மைக் சரியாத்தானே இருக்கு? வண்டி கிளம்பலையா இன்னும்? சரி, வண்டியில இருக்கிறவங்களோட நீங்க போன்லயே இருங்க. நான் இழுக்கிறேன்.

இரவல் இதயம் போதாது என்று வினோதாவும் முடிவு செய்தார். லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் டீசல் எஞ்சினைப் பிடித்தார். வேகமாகப் போக அதற்குத் தெரியாது. விடாமல் இழுக்க மட்டும் தெரியும். ஆனால் அதை அப்படியே வைக்கவில்லை. பற்சக்கரங்களைத் தாமே அளந்து, தாமே கடைந்து, தாமே பொருத்தினார். உடைந்தது, மறுபடி கடைந்தார். நழுவியது, மறுபடி பொருத்தினார். பைஸர் நானா கடையைப் பாதி நாள் மூடினார். அவர் வீட்டு ஹலீமா உம்மா சாப்பாட்டைப் பட்டறைக்கே கொண்டுவந்து, "ரெண்டு பேரும் தின்னுட்டுக் கடைங்க" என்று காவல் நின்றார். அப்படிப் பிறந்ததுதான் இன்று கீழே நிற்கும் மூன்றாவது வண்டி!

பெரிய துரை அவர்கள் நியாயமானவர். பாதை தோட்டத்துடையது, கானுக்குள் கிடந்த வண்டியை அவரும் பார்த்தார். ஆகவே ஒரு நிபந்தனை வைத்தார். இன்று, எல்லோர் முன்னிலையிலும், முழுப் பாரத்தோடு, ஓர் ஆள்கூட இறங்காமல் வளைவைத் தாண்டினால் பாதையில் ஓடலாம். இறங்கினால், வண்டி பழைய இரும்புக்குப் போகும். இதுதான் கடைசி வாய்ப்பு. துரை அவர்களே, நான் சொல்வது சரிதானே? தலையாட்டுகிறார். சிரிக்க மாட்டார், ஆனால் தலையாட்டுவார்.

வண்டி ஏறும் என்று வினோதா சத்தியம் செய்கிறார். ஆனால் ஆள் இறங்காமல் இருப்பார்களா? அங்கேதான் இருக்கிறது சிக்கல்! எங்கள் பூசாரி திலக்ஷன், வயதில் இளையவர், கண்டிப்பில் முதியவர். போய்க் கேட்டோம். "எங்கப்பன் முன்னால உக்காந்துகிட்டுப் போறதா? நடக்காது" என்றார். சோதனைக்கு ஆள் தேடினோம். வாட்டசாட்டமான ஆண்பிள்ளைகள் எல்லாம் என்ன சொன்னார்கள்? "ஏறுறோம் ஐயா. ஆனா வளைவுல இறங்கிருவோம்." எஞ்சினை மாற்றிவிட்டார் வினோதா, காலை மாற்ற யாரால் முடியும்? அந்த வளைவு வந்தால் நம் கால் நம்மைக் கேட்காமலே கீழே இறங்குமே! கடைசியில் கல் நிரப்பிய கொழுந்துச் சாக்குகளை ஏற்றுவது என்று முடிவாயிற்று. சாக்குக்குச் சாமி பயம் இல்லை என்பது ஒன்றுதான் எங்களுக்கு...

என்ன ரிஸ்கான்? சத்தமாச் சொல்லுங்க. சாக்கை இறக்குறாங்களா? ஏன் இறக்குறாங்க?

யாரு? நாகலெட்சுமிக்கா? இப்பவா? நாள் இருக்குன்னுதானே மருத்துவிச்சி சொன்னாங்க!

தாய்மார்களே, பதற வேண்டாம். உட்காருங்கள். நம்ம நாகலெட்சுமிக்கு, ரெண்டாவது லயத்து நாகலெட்சுமிக்கு, வலி வந்துவிட்டதாம். கல் சாக்கை எல்லாம் இறக்கிவிட்டு அவரை ஏற்றுகிறார்களாம். அவருடைய மாமியாரும் மருத்துவிச்சியும் தாங்கிப் பிடிக்க இன்னும் இரண்டு பேரும் ஏறுகிறார்களாம், வண்டி நிறைந்துவிட்டதாம். தலைவரே, எழும்பாதீங்க, ஒங்களுக்குக் கால் இல்லை!

பேசச் சொல்கிறீர்களா? இப்போது நான் என்ன பேசுவேன்? ஆஸ்திரேலியாவா பேசுவேன்? அதோ பாருங்கள்! ஓடைப் பாலத்தில் நீலமாக ஒன்று தெரிகிறதே, அதுதான்! கிளம்பிவிட்டது! சத்தம் கேட்கிறதா? மெதுவாகத்தான் வருகிறது. வினோதா, மெதுவாக வா மகளே, ஆனால் நின்றுவிடாதே!

முதல் திருப்பம் தாண்டிவிட்டது. அதோ வளைவு. வளைவில் யார் நிற்கிறது? திலக்ஷன்! கையில் கர்ப்பூரத் தட்டோடு, நடுப் பாதையில்! ஐயா திலக்ஷா, இன்றைக்கா? இறங்கச் சொல்லிவிடாதே அப்பா! வலியில் துடிக்கிற பெண் எப்படி இறங்கி நடப்பாள்? அவள் இறங்கினால் அவளுக்கும் ஆபத்து, வண்டிக்கும் முடிவு! முனியாண்டி, உன்னை நான் எத்தனை தடவை நடந்து கும்பிட்டிருக்கிறேன், ஒரே ஒரு தடவை எங்களை உட்கார விடு!

வண்டி வளைவில் ஏறுகிறது. புகை. திணறுகிறதா? இல்லை, இழுக்கிறது! திலக்ஷன் விலகினார்! விலகிவிட்டார்! என்ன செய்கிறார்? ஓடுகிறார்! தட்டைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு கூடவே ஓடுகிறார்! ஜன்னல் வழியே திருநீற்றை வீசுகிறார்! என்ன கத்துகிறார்? அமைதி, கொஞ்சம் அமைதி! ரிஸ்கான், போன்ல கேக்குதா? என்ன சொல்றாரு?

"இறங்காதீங்க! யாரும் இறங்காதீங்க! நான் சாமிகிட்ட சொல்லிக்கிறேன், நீங்க போங்க!"

கேட்டீர்களா! கேட்டீர்களா! வாழ்க திலக்ஷன்! வளைவைத் தாண்டிவிட்டது! ஆளோடு தாண்டிவிட்டது! ஐந்து பேரை உட்கார வைத்து, ஓர் உயிரை உள்ளே சுமந்துகொண்டு, ஒருவர்கூட இறங்காமல் தாண்டிவிட்டது! இதல்லவா எஞ்சின்! இதல்லவா ஏற்றம்! கம்பளியைக் கட்டிய கம்புகளே, அடுப்புக்குப் போங்கள்! கேட்டு வரை எட்டிப் பார்த்த ஆம்புலன்ஸே, வழிவிடு!

வருகிறது, களத்துக்கே வருகிறது! தலைவர் கத்தரிக்கோலோடு காத்திருக்கிறார்! வினோதா, நாடாவுக்கு முன்னால்... நிறுத்த வேண்டாம்! நிறுத்தாதே! போ!

கேட்டு! கேட்டு மூடியிருக்கே! யாராவது கேட்டைத் திறங்க!

துரை! பெரிய துரை! குடையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்! தாமே கேட்டைத் தூக்குகிறார்! "யன்ன! யன்ன!" என்று சிங்களத்தில் கத்துகிறார்! போகச் சொல்கிறார்! துரை, நீங்கள் வாழ்க!

...போய்விட்டது.

நாடாவையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வண்டிக்குப் போட வைத்திருந்த மாலை மேசையில் கிடக்கிறது. தலைவர் கையில் கத்தரிக்கோல் இருக்கிறது. துரையின் வெள்ளைச் சப்பாத்து முழுக்கச் சேறு. அன்பர்களே, துரை சிரிக்கிறார், திரும்பிப் பாருங்கள்.

எழுதிக்கொண்டு வந்த முடிவுரை ஒன்று என் பையில் இருக்கிறது. அதில் ஆஸ்திரேலியா இன்னும் இரண்டு இடத்தில் வருகிறது. அது பையிலேயே இருக்கட்டும். வண்டி வரும் வரை பேசச் சொன்னீர்கள். வந்தது. நமக்காக நிற்காமல் போனது. அது நிற்காமல் போனதுதான் இந்த விழா. பொறுத்திருந்த தாய்மார்களுக்கும், கானுக்குள் விழுந்து உண்மையைக் கண்டெடுத்த தலைவருக்கும், சாமிக்கு நம் சார்பில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் பூசாரிக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, என் பழைய தொழிலின்படி ஓர் அறிவித்தலோடு உங்களிடம் விடைபெறுகிறேன். ஆயுளில் பாதி இதைச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவையும் உண்மையாகச் சொன்னதில்லை.

பயணிகளின் கவனத்திற்கு. கல்லருவித் தோட்டம் கீழ்ப்பிரிவிலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குச் செல்லும் வண்டி புறப்பட்டுவிட்டது.

வணக்கம்.